இரண்டு போட்டோவும் ஒரு நாள் கூலியும்

மனிதவளத் துறைக்கான மென்பொருள் என்றதும் ஓசூர் தொழிற்சாலை வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் கருவி நினைவுக்கு வரும். அல்லது வேலைக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு. இந்தத் துறையின் போக்குகளை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாட்டில் மிக அதிகமான உழைப்பாளர்கள் மீது ஏற்றப்பட்ட வருகைப் பதிவுச் செயலிகளில் ஒன்று ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் ஓடியது. அதன் பெயர் என்எம்எம்எஸ், அதாவது தேசிய கைப்பேசிக் கண்காணிப்பு முறை. தருமபுரி மாவட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். ‘போட்டோ’ என்றால் உடனே புரியும். “காலைப் போட்டோ எடுத்தாச்சு, மத்தியானப் போட்டோ பாக்கி.”

அந்தச் செயலியைத்தான் இங்கே எடை போடப் போகிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. கைரேகை, முகம், இருப்பிடம், செயற்கை நுண்ணறிவு என்று கண்காணிப்புக்கு அதில் இன்னும் விரிவான இடம் இருக்கிறது. பழைய கருவி என்ன செய்தது என்று கணக்குப் பார்க்காமல் புதியதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

முதலில் மாவட்டம். தருமபுரிக்கு நூறு நாள் வேலைத் திட்டம் வந்தது 2008 ஏப்ரல் 1-ல், மூன்றாவது கட்டத்தில். 251 ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு; மாநிலத்திலேயே கடைசி இடம். மழை பொய்த்தால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கிளம்பிவிடுவார்கள். ஊரில் மிஞ்சுகிற பெண்களும் வயதானவர்களும்தான் ஏரி வேலைக்கு வருகிறவர்கள். தமிழ்நாடு முழுக்கவே இந்த வேலையின் ஆள் நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையது. ஆகவே இந்தச் செயலியின் ‘பயனர்’ யார் என்ற கேள்விக்குப் பதில் எளிது: ஸ்மார்ட்போன் கையில் இல்லாத, ஆங்கிலத் திரையைப் படிக்க முடியாத, அறுபதைத் தொட்ட ஒரு பெண். அவருக்காக அது வடிவமைக்கப்படவில்லை. அவர் அதில் படம்பிடிக்கப்படுகிறவர் மட்டும்தான்.

செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2022 மே 16 முதல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல், தனிப்பட்ட பயனாளிகளின் பணிகளைத் தவிர, எல்லாத் தளங்களிலும் கட்டாயம். பணித்தளப் பொறுப்பாளர் தன் போனில் அன்றைய வருகைப் பட்டியலைத் திறந்து, வந்தவர்களுக்கு வருகை போட்டு, எல்லாரையும் நிற்க வைத்துக் காலையில் ஒரு படம் எடுக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து, பிற்பகலில் இன்னொரு படம். இரண்டிலும் இடத்தின் ஆயத்தொலைவு பதிவாகும். போன் பொறுப்பாளருடையது, டேட்டாவும் பெரும்பாலும் அவர் காசுதான். அவரும் அதே ஊர்ப் பெண்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய காகிதப் பதிவேட்டைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. வராதவர் பெயருக்கு எதிரே கைநாட்டு, செத்தவர் பெயரில் கூலி, ஒரே பேனாவில் ஒரே சாய்வில் பத்துப் பேரின் கையெழுத்து, ஜேசிபி தூர்வாரிய ஏரிக்கு ஆட்கள் தோண்டியதாகக் கணக்கு என்றெல்லாம் நாடெங்கும் சமூகத் தணிக்கைகள் கண்டெடுத்திருக்கின்றன. ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்தது எது? ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில் வருகைப் பட்டியல் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டது. “இந்த ஆள் போன வருஷமே செத்துட்டாரே” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும். தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. காகிதத்தில் பொய் எழுதலாம். ஆனால் அதை ஊர் படிக்க முடியும். இந்தச் செயலியை அளக்க எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல் இதுதான்: பதிவு யார் கண்ணில் படும்படி இருக்கிறது?

அந்த அளவுகோலில் செயலி தோற்கிறது. படங்கள் திட்டத்தின் இணையதளத்தில் ஏறுகின்றன, யாரும் பார்க்கலாம், அதுதான் வெளிப்படைத்தன்மை என்பது அரசின் வாதம். யாரும் என்றால் உண்மையிலேயே யாரும்தான். மண்வெட்டியோடு வெயிலில் நிற்கும் பெண்களின் படத்தை அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் பார்க்கலாம். காரிமங்கலத்தில் அந்தப் படத்துக்குள் நிற்கிறவர், தனக்கு அன்று வருகை விழுந்ததா என்று பார்க்க வழியில்லை. அவர் கையில் சீட்டு ஏதும் தரப்படுவதில்லை. முன்பு பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே விரலை வைத்தவர், இப்போது பொறுப்பாளரின் வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போகிறார்.

அடுத்த குறை இதைவிட ஆழமானது. அதிகம் பேசப்படாதது என்பதால் கொஞ்சம் நின்றே பார்க்கலாம். நூறு நாள் வேலையில் கூலி பெரும்பாலும் நேரத்துக்கு அல்ல, அளவுக்கு. எத்தனை கன மீட்டர் மண் வெட்டினார்கள் என்று ஓவர்சியர் டேப் வைத்து அளந்து, மண்ணின் தன்மைக்கேற்ற விலைப்பட்டியல்படி கூலி போடுவார். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கான முழுக் கூலி 336 ரூபாய். வெட்டிய அளவு குறைந்தால் கையில் வருவதும் குறையும். அளவுக்குக் கூலி என்பது உழைப்பவருக்கு ஒரே ஒரு சலுகையைத் தந்தது. விடிந்ததும் வந்து, வெயில் ஏறுவதற்குள் குழியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், பாலக்கோடு பக்கமென்றால் மதியத்துக்கு மேல் தக்காளிக் காட்டில் இன்னொரு கூலிக்கும் போகலாம். ஏரி வேலையைப் பெண்கள் விரும்பியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

என்எம்எம்எஸ் வந்து அந்தச் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டது. வேலை பத்தரை மணிக்கு முடிந்துவிட்டாலும் பிற்பகல் படத்துக்கு ஆள் இருந்தாக வேண்டும். அப்படியானால் நேரத்துக்குக் கூலி உண்டா? அதுவும் இல்லை. நான்கு மணி நேரம் காத்திருந்து படத்தில் நின்றாலும், குழியின் அளவு குறைந்தால் கூலி குறைவுதான். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு நேரச் சுதந்திரம் உண்டு, வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு முறைகளிலும் முதலாளிக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்து ஒட்டினால் கிடைப்பது இந்தச் செயலி. ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவள அதிகாரி இப்படியொரு விதியைக் கொண்டுவந்தால் தொழிற்சங்கம் மறுநாளே வாசலில் உட்கார்ந்திருக்கும். விதியாக அல்லாமல் செயலியின் நேர அமைப்பாக வந்ததால் இது விவாதமாகவே ஆகவில்லை. உலகெங்கும் வேலைத்தல மென்பொருள்களில் இன்று காணும் மிகப் பெரிய ஆபத்தும் இதுதான்: பேசி முடிவெடுக்க வேண்டிய பணி நிபந்தனை, ‘சிஸ்டம் அப்படித்தான்’ என்ற பெயரில் நுழைந்துவிடுகிறது.

மலைக்குப் போவோம். பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அப்போது அங்கே சாலை இல்லை. சித்தேரி, வத்தல்மலை என்று மாவட்டத்தில் மலை ஊர்கள் இன்னும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் படம் போனிலேயே தங்கும், சிக்னல் கிடைத்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது செயலியில் உள்ள ஏற்பாடு. நல்லதுதான். போன் கெட்டுப்போனால்? சர்வர் படுத்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது: மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர் அனுமதித்தால் வருகையைக் கையால் ஏற்றலாம். அந்த ஒருங்கிணைப்பாளர் யாரென்றால் மாவட்ட ஆட்சியர். கோட்டூர்க்காரர் ஒரு நாள் வருகையைக் கேட்க மலையிறங்கி பென்னாகரம் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, கோப்பு அங்கிருந்து தருமபுரிக்குப் போக வேண்டும். 336 ரூபாய்க்காக எத்தனை நாள் கூலியை இழப்பது? விதிவிலக்கு என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, நடந்து எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

சரி, இத்தனை சிரமமும் பொறுக்கத்தக்கது, கள்ளத்தனம் ஒழிந்திருந்தால். ஒழிந்ததா? இதற்குச் சாட்சி சொல்ல ஆர்வலர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. 2025 ஜூலை 8-ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் போதும். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறுகின்றன. ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம்பிடித்து ஏற்றுகிறார்கள். படத்தில் உள்ள தலைகளும் பட்டியலில் உள்ள பெயர்களும் ஒத்துவரவில்லை. பெண்கள் பட்டியலுக்கு ஆண்கள் படம். ஒரே கூட்டம் பல பட்டியல்களில். பிற்பகல் படமே எடுக்கப்படவில்லை. இவ்வளவையும் அடுக்கிவிட்டு அமைச்சகம் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊராட்சி அளவில் நூறு விழுக்காடு படங்கள், ஒன்றியத்தில் இருபது, மாவட்டத்தில் பத்து, மாநிலத்தில் ஐந்து.

அதாவது மனிதரை நம்ப முடியாது என்று கொண்டுவந்த இயந்திரத்தைக் கண்காணிக்க அதே மனிதரிடம் திரும்பி வந்தாயிற்று. தருமபுரியில் 251 ஊராட்சிகளிலும் ஒவ்வொரு தளத்துக்கும் நாளுக்கு இரண்டு படம், ஒன்று விடாமல். இதைப் பார்க்கப் போகிறவர் ஊராட்சிச் செயலர். வீட்டு வரி, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, கிராம சபைத் தீர்மானம் எல்லாமே அவர் தலையில்தான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போய்விட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய உள்ளூர் ஆள் இல்லாத நேரத்தில்தான் இந்தச் சுமை வந்து விழுந்தது. படங்களை ஒருவர் உண்மையிலேயே பார்த்தாரா, டிக் போட்டாரா என்று பார்க்க அடுத்து ஒரு செயலி வருமோ என்னவோ.

இனிக் கூலி. ஒரு வருகைப் பதிவு முறையின் நோக்கம் சம்பளம் சரியாகப் போய்ச் சேர்வது. வாரக் கூலி, அதிகபட்சம் பதினைந்து நாளுக்குள் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தாமதமானால் நாளுக்கு 0.05 விழுக்காடு ஈட்டுத்தொகை. ஆறு நாள் முழுக் கூலியான 2,016 ரூபாய் தாமதமானால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைக்கூட மென்பொருள் முழுமையாகக் கணக்கிடவில்லை. மாநிலம் பணப் பரிமாற்ற ஆணை தயாரிக்கும்வரை உள்ள தாமதம்தான் கணக்கு. அதன் பிறகு மத்திய அரசிடம் பணம் கிடந்த நாட்களுக்கு ஈடு இல்லை. ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தவறு, முழுத் தாமதத்துக்கும் மத்திய அரசும் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னது.

கூலி வழங்கும் மென்பொருளில் ஒவ்வொரு படிக்கும் தேதி பதிவாகிறது. பட்டியல் மூடிய நாள், ஆணையில் கையெழுத்தான நாள், வங்கிக்குப் போன நாள் எல்லாம் இருக்கின்றன. கழித்தல் கணக்குத்தான் போட வேண்டும். அதைச் செய்யத் தொழில்நுட்பத்தால் முடியாதா? ஏரிக்கரையில் ஒரு பெண் நான்கு மணி நேரம் இருந்தாரா என்று இடக் குறியீட்டோடு சொல்லத் தெரிந்ததற்கு, டெல்லியில் அவர் பணம் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2024-25 குளிர்காலத்தில் இதன் பலனைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. மாதக்கணக்கில் கூலி வரவில்லை. ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் 1,056 கோடி ரூபாய் கூலிப் பாக்கியை விடுவிக்கக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் மாநில அரசு சொன்ன மொத்தப் பாக்கி 4,034 கோடி. 29-ஆம் தேதி திமுக மாநிலமெங்கும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது குறைவில்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. யார் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாதங்களில் காலைப் போட்டோவும் மத்தியானப் போட்டோவும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் போதும். அங்கே எழுத்தராக இருப்பவர் தமிழ்நாடு அரசின் ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மை அமைப்பில் இருக்கிறார். அதன் கைப்பேசிச் செயலிக்குக் ‘களஞ்சியம்’ என்று பெயர். தன் சம்பளச் சீட்டைத் தானே இறக்கிக்கொள்கிறார், விடுப்புக்கு அதிலேயே விண்ணப்பிக்கிறார், பணிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். அதில் குறையே இல்லையென்று சொல்ல வரவில்லை. வருமான வரியைத் தானாகவே கணக்கிட்டுப் பிடிக்கத் தொடங்கியபோது ஊழியர் சங்கங்கள் கொதித்தன. கொதித்ததனால் பேச்சு நடந்தது. ஏரி வேலைக்காரருக்கு அப்படியொரு ஜன்னலும் கிடையாது, பேரம் பேசும் சங்கமும் பலமாக இல்லை. ஆக, பிரச்சினை தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியின்மை அல்ல. மரியாதையாக நடத்த வேண்டியவருக்கு எப்படிச் செயலி எழுதுவது என்று நம் அரசுகளுக்கு நன்றாகவே தெரியும். நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கீழே போகப்போக மனிதவளத் தொழில்நுட்பத்தில் மனிதவளம் குறைந்து காவல் கூடுகிறது.

முகம் ஒப்பிடுவது வந்தால் போலிப் படங்கள் தீர்ந்துவிடும் என்பது இப்போதைய நம்பிக்கை. 2025 இறுதியில் அதற்கான இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பு வேலை தொடங்கிவிட்டது. படத்தின் மேல் படம் எடுப்பது குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறு நேரும்போது விலை கொடுப்பவர் யார் என்பதற்கு நம்மிடம் முன்னுதாரணம் இருக்கிறது. ஆதார் இணைப்பு முடுக்கிவிடப்பட்ட 2022-23-ல் நாடு முழுவதும் 5.18 கோடித் தொழிலாளர் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக அரசு மக்களவையில் தெரிவித்தது. முந்தைய ஆண்டு அது 1.49 கோடி. போலி அட்டை, இறப்பு, குடிபெயர்வு, ‘வேலை செய்ய விருப்பமில்லை’ என்று காரணங்கள் சொல்லப்பட்டன. போலிகளும் அதில் இருந்திருக்கும். ஆனால் எட்டு மாதம் பெங்களூரில் கலவை சுமந்துவிட்டு ஊர் திரும்புகிற பென்னாகரத்துக் குடும்பம், கணினிக்கு ‘விருப்பமில்லாத’ குடும்பமாகத் தெரிய எவ்வளவு நேரமாகும்? வெயிலில் கருத்து, வயதில் சுருங்கிய முகத்தைப் பழைய ஆதார் படத்தோடு ஒப்பிட்டு இயந்திரம் ‘இல்லை’ என்றால், அந்த இடத்திலேயே ‘ஆமாம், இவர் இன்னார்தான்’ என்று சொல்லும் அதிகாரம் ஊரில் யாருக்கு இருக்கும்? இதற்குப் பதில் எழுதாமல் முகக் கருவியை அமலாக்குவது பொறுப்பற்ற செயல்.

தீர்ப்புக்கு வருகிறேன். வெட்டிய குழியும் கட்டிய தடுப்பணையும் எங்கே இருக்கின்றன என்று இடக் குறியீட்டோடு படம் எடுத்து வைப்பது உருப்படியான வேலை. பணி நடந்ததா என்பதற்கு அது சாட்சி, அதை வைத்துக்கொள்ளலாம். ஆளை நாளுக்கு இரண்டு முறை படம் எடுப்பதைக் கைவிட வேண்டும். அது திருட்டைத் தடுக்கவில்லை என்று கொண்டுவந்த அமைச்சகமே எழுதிக் கொடுத்துவிட்டது. அளவுக்குக் கூலி என்ற முறையோடு பொருந்தவுமில்லை. கூலியை ஒரு நாள்கூட முன்னால் கொண்டுவரவில்லை. வருகைப் பதிவுக் கருவியாக என்எம்எம்எஸ் தோல்வி.

புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. செலவை மத்திய அரசும் மாநிலமும் 60-க்கு 40 என்று பகிர வேண்டும் என்கிறது. பணம் கொடுக்க வேண்டியவர்கள் இருவராகிவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டும் வாய்ப்பும் இரட்டிப்பாகும். ஆகவே அதன் கீழ் எழுதப்படும் எந்த மென்பொருளிலும் முதலில் இருக்க வேண்டியது தாமதத்தைப் படிப்படியாக, பொறுப்பான அலுவலகத்தின் பெயரோடு எண்ணிக் காட்டும் கணக்கு. அடுத்து, வேலைத் தளத்திலேயே ஒவ்வொருவர் கைக்கும் தமிழில் ஒரு வருகைச் சீட்டு. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் இயந்திரம் போன்ற ஒன்றே போதும்.

அதுவரை நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் அந்தக் காலாண்டின் வருகைப் பட்டியலையும், ஒவ்வொரு பட்டியலுக்கும் கூலி வங்கிக்கு வந்த தேதியையும் அச்செடுத்துக் கொண்டுவந்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.